அதிபரிடம்தானே முதலில் போக வேண்டும்?

கேள்வி: வெள்ளவத்தையில் இருக்கிறோம். மகள் ஜனவரியில் தரம் 6க்குப் புதிய பாடசாலைக்குப் போகிறாள். பார்க்கப் போனபோது கேட்டில் காவலாளி, ஒவ்வொரு மாடியிலும் சிசிடிவி என்று காட்டினார்கள். பிள்ளைகளின் பாதுகாப்புக்கு இது போதுமா? வேறு என்ன கேட்க வேண்டும்? ஏதாவது நடந்தால் முதலில் அதிபரிடம்தானே போக வேண்டும்?

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மற்ற இரண்டுக்கும் பதில் அதற்குள்தான் இருக்கிறது.

கொம்பாஸ் பெட்டி காணாமல் போனது, பக்கத்து மேசைப் பிள்ளை பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுகிறது, டீச்சர் எல்லார் முன்னாலும் ஏசிவிட்டார், இப்படியான விஷயங்களுக்கு வகுப்பாசிரியர், பகுதித் தலைவர், அதிபர் என்ற வரிசை சரிதான். ஆனால் ஒரு பெரியவர் பிள்ளையின் உடம்பில் தவறாகக் கை வைத்திருந்தால், பாலியல் பேச்சுப் பேசியிருந்தால், போனில் படம் கேட்டிருந்தால், காயம் வரும்படி அடித்திருந்தால், அதிபரிடம் சொல்வதோடு நிற்கக் கூடாது. அதே நாளில் பாடசாலைக்கு வெளியேயும் தகவல் போக வேண்டும். அதிபருக்குச் சொல்லி, அவர் விசாரித்து முடிக்கும்வரை காத்திருந்து, அதற்குப் பிறகு யோசிப்போம் என்பதுதான் நம் பெற்றோர் அதிகமாகச் செய்யும் பிழை.

கொழும்புப் பாடசாலைகளில் ஆலோசனை வழங்கும் வேலையில் நீண்ட காலம் இருந்தவள் நான். ஒரு பிள்ளை வாய் திறந்ததும் பல இடங்களில் நடப்பது ஒரே மாதிரித்தான் இருக்கும். வகுப்பாசிரியை பகுதித் தலைவரிடம் சொல்வார், அவர் பிரதி அதிபரிடம் சொல்வார். அடுத்த நாள் காலை பிள்ளையை அதிபரின் அறைக்குக் கூப்பிட்டு நாலைந்து பேர் சுற்றி இருந்து, "பயப்பிடாம சொல்லு, என்ன நடந்தது?" என்று கேட்பார்கள். பிறகு எழுதித் தரச் சொல்வார்கள். எழுதியது தெளிவில்லை என்று இன்னொரு தரம். சில இடங்களில் குற்றம் சாட்டப்பட்டவரையும் அதே அறைக்கு அழைத்து, "சேர், இந்தப் பிள்ளை இப்பிடிச் சொல்லுது" என்று பிள்ளையின் முகத்துக்கு நேரே கேட்பார்கள். அந்த இடத்தில் ஒரு பதினொரு வயதுப் பிள்ளை என்ன செய்யும்? தலையைக் குனிந்துகொண்டு "இல்லை மிஸ்" என்று சொல்லும். "பிள்ளையே மறுத்துவிட்டது" என்று கோப்பு மூடப்படும்.

பிள்ளை பின்வாங்குவது பொய் சொன்னதற்கு அடையாளம் அல்ல. சொன்ன பிறகு சுற்றியிருக்கும் பெரியவர்களின் முகம் மாறுவதைக் கண்டு, சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் பிள்ளைகள் ஏராளம். முதலில் கொஞ்சம் சொல்லிப் பார்த்து, திட்டு விழவில்லை என்று தெரிந்த பிறகுதான் மிச்சத்தைச் சொல்வார்கள். மாதக்கணக்காக, வருடக்கணக்காகச் சொல்லாமல் இருப்பவர்களும் உண்டு. ஆண் பிள்ளைகள் இன்னும் தாமதமாகச் சொல்வார்கள், சிலர் சொல்வதேயில்லை. ஆகவே பாடசாலைக்குள் நடக்கும் இந்தக் குட்டி நீதிமன்றம் பிள்ளையைத் திரும்பத் திரும்பக் காயப்படுத்துவதோடு நிற்பதில்லை, பின்னால் உண்மையான நீதிமன்றத்தில் வரக்கூடிய வழக்கையும் உடைத்துவிடுகிறது. நாலு பேரிடம் நாலு தரம் சொன்ன கதையில் சொற்கள் மாறும். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அந்த மாற்றத்தைத்தான் பிடிப்பார். அதற்கிடையில் குற்றம் சாட்டப்பட்டவர் எச்சரிக்கையாகி, போனில் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டிருப்பார்.

உள்ளக விசாரணை எப்படி முடிகிறது என்பதையும் சொல்ல வேண்டும். அரச பாடசாலையானால் இடமாற்றம். தனியார் பாடசாலையானால் ராஜினாமாக் கடிதம், சில வேளை நல்ல சான்றிதழோடு. அந்த ஆள் அடுத்த தவணை இன்னொரு பாடசாலையில் இருப்பார், அல்லது வீட்டு மாடியில் டியூஷன் வகுப்புத் தொடங்கியிருப்பார். அங்கே இருக்கும் பிள்ளைகளுக்கு யார் எச்சரிக்கை சொல்வது?

அதிபர்கள் எல்லாரும் மோசமானவர்கள் என்று நான் சொல்லவில்லை. பாடசாலையின் பெயர், அடுத்த வருட அனுமதி, பழைய மாணவர் சங்கம், வலயக் கல்விப் பணிமனையிலிருந்து வரும் கேள்விகள் என்று அவர்கள் தலையில் பல பாரம் இருக்கிறது. பிள்ளையின் எதிர்காலத்தைக் காப்பாற்றுகிறோம் என்று மனதார நம்பியே மறைப்பவர்களும் இருக்கிறார்கள். என் கருத்தில், நோக்கம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், குற்றத்தை விசாரிப்பது பாடசாலையின் வேலை அல்ல. பிள்ளை சொல்வதைக் கேட்பது, சொன்னதை அதன் சொற்களிலேயே எழுதி வைப்பது, அந்தப் பெரியவரைப் பிள்ளைகளிடமிருந்து உடனே தள்ளி வைப்பது, உரிய இடத்துக்கு அறிவிப்பது, இவ்வளவும்தான் பாடசாலையின் வேலை. ஊழியர் மீதான ஒழுக்காற்று விசாரணையை அவர்கள் தனியாக வைத்துக்கொள்ளட்டும். அதைப் பொலிஸ் விசாரணைக்குப் பதிலாக வைக்கக் கூடாது.

சரி, வெளியே யாரிடம் போவது? முதலாவது இலக்கம் 1929. இது 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் தொலைபேசி. இரவு பகல் எந்நேரமும் எடுக்கலாம், தமிழில் பேசலாம், பெயர் சொல்ல விருப்பமில்லாவிட்டாலும் முறைப்பாடு செய்யலாம். பெற்றோர்தான் எடுக்க வேண்டும் என்றில்லை. பக்கத்து வீட்டுக்காரர், ஆசிரியை, பிள்ளையே கூட எடுக்கலாம். எடுத்தவர் முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் என்ன நடந்தது என்று கேட்க அதுதான் பிடி. பொலிஸ் சிறுவர் மற்றும் பெண்கள் பணியகத்தின் இலக்கம் 109. ஒவ்வொரு பெரிய பொலிஸ் நிலையத்திலும் சிறுவர் மற்றும் பெண்கள் பிரிவு இருக்கிறது. முன் மேசையில் எல்லார் காதிலும் விழும்படி சொல்லத் தேவையில்லை, அந்தப் பிரிவைக் கேளுங்கள். உங்கள் பிரதேச செயலகத்திலும் சிறுவர் பாதுகாப்புக்கும் சிறுவர் உரிமைக்கும் பொறுப்பான உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் பலருக்கு இது தெரியாது.

மொழி விஷயத்தில் ஒன்றைக் கவனியுங்கள். தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. உங்கள் வாக்குமூலத்தைத் தமிழில் கொடுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. சிங்களத்தில் எழுதிவிட்டு "கையெழுத்துப் போடுங்க" என்றால், ஒவ்வொரு வரியையும் வாசித்து விளக்கும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். சிங்களம் நன்றாகத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவது நல்லது. "தொட்டார்" என்பதற்கும் "தட்டினார்" என்பதற்கும் உள்ள வித்தியாசம் மொழிபெயர்ப்பில் தொலைந்தால் வழக்கே வேறாகிவிடும்.

சம்பவம் அண்மையில் நடந்தது, உடல் ரீதியாகத் துன்புறுத்தல் இருந்தது என்றால், பொலிஸ் நிலையத்துக்கு முன்னரே வைத்தியசாலைக்குப் போகலாம். பொரளையில் இருக்கும் சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் இப்படியான பிள்ளைகளைக் கவனிப்பதற்கென்றே 'லமா பியச' என்று ஒரு பிரிவு இருக்கிறது. சட்ட வைத்திய அதிகாரி அங்கே பரிசோதிப்பார், வைத்தியசாலைப் பொலிஸ் மூலம் பதிவும் நடக்கும். பிள்ளையைக் குளிப்பாட்டாமல், போட்டிருந்த உடுப்பைக் கழுவாமல் கொண்டு போங்கள். உடுப்பை மாற்றியிருந்தால் அதைக் காகிதப் பையில் போட்டுக் கொண்டு போங்கள், பொலித்தீனில் வேண்டாம். 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டிய தடுப்புச் சிகிச்சைகள் இருக்கின்றன. நாளைக்குப் பார்ப்போம் என்று விடும் ஒவ்வொரு இரவும் அதில் கழிந்துவிடும்.

நம் அம்மாக்களுக்கு இதையெல்லாம் விடக் கஷ்டமானது, பிள்ளை சொல்லத் தொடங்கும் அந்த முதல் பத்து நிமிடம். "ஏன் முதலே சொல்லேல்லை?" என்று மட்டும் கேட்காதீர்கள். நமக்கு அது பதற்றம், பிள்ளைக்கு அது குற்றச்சாட்டு. "நான் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன்" என்று சத்தியமும் செய்யாதீர்கள், ஏனென்றால் நீங்கள் சொல்லத்தான் வேண்டும். சத்தியத்தை உடைத்த அம்மாவிடம் பிள்ளை அடுத்த தடவை எதையும் சொல்லாது. "நீ சொன்னது நல்லது, இதில உன்ர பிழை ஒண்டும் இல்லை, உதவி செய்யக்கூடிய ஆக்களிட்ட நான் சொல்லப் போறன்" என்பது போதும். "அந்த சேர் உன்னை இங்க தொட்டவரா?" என்று நீங்களே பதிலை வாயில் ஊட்டும் கேள்வி வேண்டாம். "பிறகு என்ன நடந்தது?" என்று கேட்டுவிட்டு விடுங்கள். பிள்ளை பயன்படுத்திய சொற்களை, அது மழலையாக இருந்தாலும் கொச்சையாக இருந்தாலும், அப்படியே நாளும் நேரமும் போட்டு எழுதி வையுங்கள். அந்த ஆளுக்கு நீங்கள் போன் பண்ணிச் சண்டை பிடிக்க வேண்டாம். அப்பாவையும் மாமாவையும் போக விட வேண்டாம். கோபம் நியாயம்தான், ஆனால் அது சாட்சியத்தை அழிக்க அவருக்குக் கிடைக்கும் அவகாசமாகிவிடும்.

1999ஆம் ஆண்டில் கொண்டுவரப்பட்ட சாட்சியம் தொடர்பான விசேட சட்டம் ஒன்றின்படி, பிள்ளையின் ஆரம்ப நேர்காணலை வீடியோவில் பதிவு செய்து நீதிமன்றத்தில் சாட்சியமாகச் சேர்க்க முடியும். குறுக்கு விசாரணை இருக்கும். இருந்தாலும் பிள்ளை புதிதாக முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்லும் சுமை குறைகிறது. இதைப் பொலிஸிடமும் அதிகார சபையிடமும் நீங்களாகவே கேளுங்கள். பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்பளிக்கும் சட்டம் 2015இல் வந்து, 2023இல் புதிதாக எழுதப்பட்டது. முறைப்பாட்டை வாபஸ் வாங்கச் சொல்லி யாராவது மிரட்டினால் அதுவே தனிக் குற்றம். வழக்கு நீண்டுகொண்டு போகும், அதை மறைத்துப் பயனில்லை. அந்தக் காலத்தில் பிள்ளைக்கு மனநல உதவி வேண்டும். அங்கொடை தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்தில் தொடங்கலாம்.

இனி பாடசாலையில் கேட்க வேண்டியவை. சிசிடிவியும் காவலாளியும் வெளியாட்களைத் தடுக்கத்தான். பிள்ளைகளைத் துன்புறுத்துபவர்களில் பெரும்பாலானோர் பிள்ளைக்கு ஏற்கனவே தெரிந்தவர்கள், வீட்டிலும் பாடசாலையிலும் நம்பிக்கை பெற்றவர்கள். அவர்கள் கேட் வழியாகவே சிரித்த முகத்தோடு உள்ளே வருவார்கள். கமெராவும் நடைபாதையில்தான் இருக்கும். இசை அறை, களஞ்சியம், விளையாட்டுக்குப் பிறகு உடுப்பு மாற்றும் இடம், வேன் இவற்றில் இருக்காது, சிலவற்றில் இருக்கவும் கூடாது.

ஆகவே அதிபரைச் சந்திக்கும்போது, "சிறுவர் பாதுகாப்புக்குப் பொறுப்பான ஆள் யார்? என் மகளுக்கு அவரைத் தெரியுமா?" என்று கேளுங்கள். பெயரை உடனே சொன்னால் நல்ல அடையாளம். "எல்லாரும்தான் பொறுப்பு" என்ற பதிலுக்கு யாருமே பொறுப்பில்லை என்று அர்த்தம். பாடசாலை மட்டச் சிறுவர் பாதுகாப்புக் குழு இருக்கிறதா, கடைசியாக எப்போது கூடியது என்று கேளுங்கள். பேப்பரில் மட்டும் இருக்கும் குழுக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அப்புறம் இதையும் தயங்காமல் கேளுங்கள்: "ஒரு ஆசிரியர் மீது பிள்ளை முறைப்பாடு சொன்னால் அடுத்த இருபத்து நாலு மணித்தியாலத்தில் என்ன செய்வீர்கள்?" 1929 அல்லது பொலிஸ் என்ற சொல் அந்தப் பதிலில் வருகிறதா என்று பாருங்கள். "நாங்கள் முதலில் விசாரித்து உண்மையா என்று பார்ப்போம்" என்றால் உங்களுக்கு வேண்டிய தகவல் கிடைத்துவிட்டது.

தனிப் பாடம், மேலதிக வகுப்பு நடக்கும்போது கதவு திறந்திருக்குமா, வெளியிலிருந்து வரும் நீச்சல், கிரிக்கெட், நடனப் பயிற்சியாளர்களை யார் தெரிவு செய்கிறார்கள், சுற்றுலா போனால் இரவில் யார் எந்த அறையில், ஆசிரியர்கள் பிள்ளைகளுக்குத் தனியாக வாட்ஸ்அப் அனுப்பலாமா, இவற்றையும் கேட்கலாம். வாட்ஸ்அப் விஷயத்தில் நான் கண்டிப்பானவள். பாடக் குறிப்பு அனுப்ப வகுப்புக் குழு இருக்கிறது, பெற்றோரின் இலக்கம் இருக்கிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இரவு பத்து மணிக்கு ஆசிரியர் ஒருவர் தனியாக மெசேஜ் போட எந்தக் காரணமும் இல்லை. தூண்டில் போடுபவர்கள் அப்படித்தான் தொடங்குவார்கள்: முதலில் பாராட்டு, பிறகு "உன்னை உங்கட வீட்டில விளங்கிக்கொள்ளினம் இல்லை", பிறகு ஒரு சின்ன இரகசியம், அந்த இரகசியத்தை வைத்தே மிரட்டல். வயது கூடின மாணவி என்றால் "அது காதல்" என்பார்கள். சட்டத்தில் சம்மத வயது 16. ஆனால் புள்ளி போடுகிற ஆளுக்கும் அவரிடம் படிக்கிற பிள்ளைக்கும் இடையில் சம்மதம் என்ற ஒன்றைப் பாடசாலை எந்த வயதிலும் ஏற்கக் கூடாது.

ஊழியரைச் சேர்க்கும்போது கிராம உத்தியோகத்தரின் சான்றிதழ் வாங்கிவிட்டோம் என்று சில தனியார் பாடசாலைகள் திருப்திப்பட்டுக்கொள்ளும். அந்தக் காகிதம் ஆள் எங்கே வசிக்கிறார், அவர்மீது ஊரில் என்ன அபிப்பிராயம் என்பதைத்தான் சொல்லும். முன்பு வேலை செய்த பாடசாலைக்கு ஒரு தொலைபேசி எடுத்து, "இவரை மறுபடியும் பிள்ளைகளோடு வேலைக்கு எடுப்பீர்களா?" என்று நேரே கேட்பதில் அதைவிட அதிகம் தெரியவரும். மறுமுனையில் வரும் தயக்கமே ஒரு பதில்.

நீங்கள் சர்வதேசப் பாடசாலையைப் பார்க்கிறீர்கள் என்றால் இன்னொன்று. அவை பெரும்பாலும் கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிவான நிறுவனங்கள். கல்வி அமைச்சின் சுற்றுநிருபங்கள் அரச பாடசாலைகளுக்குப் போவது போல் அங்கே போவதில்லை. ஆகவே அவர்களின் சொந்தக் கொள்கையை எழுத்தில் கேட்டு வாங்குவது இன்னும் முக்கியம். தண்டனைச் சட்டக்கோவை மட்டும் எல்லாப் பாடசாலைக்கும் ஒன்றுதான்.

அடி பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் இதைச் சிறுவர் பாதுகாப்போடு சேர்ப்பதேயில்லை. "அடியாத மாடு படியாது" என்று சொல்லி, "கண்ணை மட்டும் விட்டிட்டுத் தோலை உரியுங்கோ சேர்" என்று பிள்ளையை ஒப்படைத்து வந்த சமூகம் நாம். பாடசாலைகளில் உடல் ரீதியான தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சின் 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுற்றுநிருபமும், பிறகு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சுற்றுநிருபமும் தெளிவாகச் சொல்கின்றன. 1995இல் தண்டனைச் சட்டக்கோவையில் சேர்த்த 308அ பிரிவின்படி, தன் பொறுப்பில் இருக்கும் பிள்ளையைக் கொடுமைப்படுத்துபவருக்கு 2 முதல் 10 வருடம் வரை சிறை. 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்தில் பிள்ளைக்கு நியாயமான தண்டனை கொடுக்க ஆசிரியருக்கு உள்ள உரிமையைக் காப்பாற்றி எழுதப்பட்ட வாசகத்தைக் காட்டிச் சிலர் வாதாடுவார்கள். அவர்களுக்கு 2021 பெப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பைச் சொல்லுங்கள். ஆசிரியர் அறைந்ததில் காது பாதிக்கப்பட்ட ஒரு மாணவனின் வழக்கு அது. அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை, அதாவது கொடூரமான, இழிவான நடத்தையிலிருந்து விடுதலை, மீறப்பட்டது என்று நீதிமன்றம் சொன்னது. ஆசிரியர் தன் கையிலிருந்து 150,000 ரூபாவும் அரசு 500,000 ரூபாவும் நட்டஈடு கொடுக்க உத்தரவானது.

இப்படியான அடிப்படை உரிமை வழக்கை அரச பாடசாலைக்கு எதிராகத்தான் போடலாம், அதுவும் சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. பாடசாலை "அடுத்த வாரம் பேசுவோம்" என்று இழுக்கும்போது அந்த ஒரு மாதம் கழிந்துகொண்டிருக்கிறது என்பதை மறக்காதீர்கள்.

அடியும் பாலியல் துன்புறுத்தலும் வேறு வேறு என்று நினைக்கிறோம். ஆனால் ஆசிரியர் உன் உடம்பில் என்ன செய்தாலும் பொறுத்துக்கொள், திருப்பிப் பேசாதே என்று ஆறு வயதிலிருந்து பழக்கிய பிள்ளை, தவறான கை ஒன்று தொடும்போது மட்டும் எப்படிக் கத்தும்?

டியூஷனும் வேனும் பாடசாலையின் கேட்டுக்கு வெளியே இருப்பதால் எந்தக் குழுவின் கண்ணிலும் படுவதில்லை. கொழும்புத் தமிழ்ப் பிள்ளைகள் பலர் பாடசாலைக்குப் பிறகு நிறைய நேரத்தை இந்த இரண்டிலும்தான் கழிக்கிறார்கள். வீட்டுக்கு வந்து படிப்பிப்பவர் என்றால் ஹோலில், வீட்டில் ஒரு பெரியவர் இருக்கும்போது மட்டும். வேனில் கடைசியாக இறங்கும் பிள்ளை யார் என்று கேளுங்கள். அது உங்கள் மகள் என்றால், மற்றப் பிள்ளைகள் இறங்கிய பிறகு சாரதியோடு எவ்வளவு நேரம் தனியே இருக்கிறாள், உதவியாளப் பெண் ஒருவர் கடைசிவரை இருக்கிறாரா என்று பாருங்கள். இல்லையென்றால் ஓட்ட வரிசையை மாற்றச் சொல்லுங்கள், மற்ற அம்மாக்களையும் சேர்த்துக்கொண்டு.

அப்படி ஏதாவது நடந்து வெளியில் வந்தால், வாட்ஸ்அப்பில் பிள்ளையின் பெயர், படம், பாடசாலை எல்லாம் சுற்றத் தொடங்கும். நீதி கேட்கிறோம் என்று நினைத்துத்தான் பலர் அனுப்புகிறார்கள். பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது தண்டனைச் சட்டக்கோவையின் 365இ பிரிவின் கீழ் குற்றம். உங்கள் குழுவில் வந்தால் அழியுங்கள், அனுப்பியவருக்கும் சொல்லுங்கள். "மானம் போயிடும், நாளைக்கு ஆர் கட்டுவினம்" என்று மூடி மறைக்கும் சொந்தக்காரர்களும் வருவார்கள். போகும் மானம் செய்தவனுடையது என்று அவர்களுக்கு முகத்துக்கு நேரே சொல்ல ஒரு ஆள் குடும்பத்தில் வேண்டும். அது நீங்களாக இருக்கலாம்.

ஜனவரிக்கு முன்னர் மகளோடு ஒரு தடவை ஆறுதலாக இருந்து பேசுங்கள். எந்தப் பெரியவர் "அம்மாட்ட சொல்லாத" என்று சொன்னாலும் அதை அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்பதை முதலில் சொல்லுங்கள். நீங்கள் இல்லாதபோது யாரிடம் சொல்வாள் என்று அவளே மூன்று பேரைத் தெரிவு செய்யட்டும், அதில் ஒருவராவது பாடசாலையில் இருக்கட்டும், ஒருவராவது வீட்டுக்கு வெளியே இருக்கட்டும். 1929ஐ அவளுக்கு மனப்பாடமாக்குங்கள். பாடசாலைக்கு நீங்கள் கேட்கும் கேள்விகளை வாயால் கேட்டுவிட்டு வராமல் கடிதமாகவும் கொடுத்து, பிரதியில் திகதி போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். முதல் தவணைக்குள் பதில் வராவிட்டால், பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில், சங்கம் இல்லாத பாடசாலையானால் பெற்றோர் கூட்டத்தில், அதே கடிதத்தை எழுந்து நின்று வாசியுங்கள்.